பின்சக்கரத்துத் தட்டு: செயினிடமிருந்து போக்ஸ் கம்பியைக் காத்த கதை

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப்போறேன். கியர் சைக்கிள் விற்கிற கடைக்குப் போனீங்கன்னா பின்சக்கரத்தை ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. வலது பக்கம் ஏழெட்டுப் பல்சக்கரங்கள் அடுக்கா இருக்கும். அந்த அடுக்குக்கும் போக்ஸ் கம்பிகளுக்கும் நடுவில், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சில வண்டியில் கறுப்பு, பழைய வண்டியாக இருந்தால் மஞ்சள் பூத்துப்போய் இருக்கும். வாங்கினவர் கொஞ்சம் சைக்கிள் பைத்தியம் பிடித்தவரானால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றித் தூக்கிப் போடுவார். அமெரிக்காவில் இதற்கு 'பை பிளேட்' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு; பை என்ற பலகாரம் சுடுகிற தட்டு. இன்னொரு பெயர் 'டார்க் டிஸ்க்'. அசட்டு ஆளின் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு இவ்வளவு அவமானம் எதற்கு? இன்னொரு பக்கம், அதே அமெரிக்காவின் மத்திய அரசு விதிகளில் இந்தத் தட்டு செய்கிற வேலைக்கென்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. கேலிக்கும் சட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய எபிசோடு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நம்மில் பலர் ஓட்டிப் பழகிய ஹெர்குலிஸ், அட்லஸ், ராலி வண்டிகளில் இந்தத் தட்டு கிடையாது. தேவையும் இல்லை. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் செயின் ஒரே நேர்கோட்டில் ஓடும். தொய்ந்துபோனால் கழன்று விழும். ஒரு குச்சியை வைத்து மாட்டிவிட்டு, கையில் ஒட்டின கிரீஸை வேலியோர இலையில் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். அந்த வண்டியில் செயின் கவர் இருந்தது வேட்டிக்காகவும் பேன்ட்டுக்காகவும்தான். லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்தின் மேல் ஒரு வலை இருக்கும், அது சேலைக்காக. செயினிடமிருந்து கம்பியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எங்கே வந்தது என்றால், செயினை வேண்டுமென்றே பக்கவாட்டில் நகர்த்த ஆரம்பித்த இடத்தில்.

அந்த இடம் பிரான்ஸ். இன்னும் குறிப்பாகச் சொன்னால் செயின்ட் எட்டியன் என்கிற தொழில் நகரம். பட்டு ரிப்பனும் துப்பாக்கியும் செய்த ஊர், பிறகு சைக்கிளும் செய்தது. ஊரைத் தாண்டினால் மலை. அங்கே பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார். 1853இல் பிறந்தவர், பட்டு வியாபாரத்தில் இருந்து சைக்கிளுக்கு வந்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதுவார். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். சைவம்தான் சாப்பிடுவார், எஸ்பெரான்டோ மொழியில் ஈடுபாடு. எதை எடுத்தாலும் ஊரோடு ஒத்துப்போகாத ஆள். அவருடைய வாதம் எளிமையானது. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பல்சக்கர விகிதம் எப்படிச் சரிப்படும்? மனிதனின் கால் ஒன்றுதான், ஏற்றம் பலவகை. அதனால் வண்டிதான் மாற வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் கிடைத்தன. இங்கிலாந்துக்காரர்கள் பல்சக்கரங்களைப் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். நாட்டிங்காமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் குடம் அப்படிப்பட்டது. செயின் இருந்த இடத்திலேயே இருக்கும், கியர் உள்ளே மாறும். பிரெஞ்சுக்காரர்கள் போன வழி வேறு. பல்சக்கரங்களை வெளியே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் நாம் டீரெய்லர் என்று சொல்வது. ரயில் தடம் புரள்வதற்கு பிரெஞ்சு மொழியில் என்ன சொல்கிறார்களோ, அதிலிருந்து வந்த பெயர். தடம்புரளச் செய்கிற கருவி! எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பிரச்சினை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செயினைத் தடம் புரளச் செய்வதுதான் அதன் வேலை. ஒரு பல் தள்ளித் தடம் புரண்டால் கியர் மாறியது என்கிறோம். கடைசிப் பல்லையும் தாண்டிப் புரண்டால்?

அதற்குப் போவதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. அதை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்சுக்கு இந்தக் கருவி என்றாலே ஆகாது. கியரெல்லாம் 45 வயசைத் தாண்டினவங்களுக்குத்தான் என்பது அவர் கட்சி. அதனால் பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை உச்சியில் குளிரில் விறைத்த விரலோடு மறுபடியும் கழற்றித் திருப்ப வேண்டும். வெலோசியோ 1930இல் டிராம் மோதி இறந்துபோனார். டூர் பந்தயத்தில் டீரெய்லரை அனுமதித்தது 1937இல்தான். அந்த வருஷம் ஜெயித்த ரோஜே லாபெபி டீரெய்லர் வைத்த வண்டியில் ஜெயித்தார்.

சரி, கடைசிப் பல்லைத் தாண்டினால் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பின்சக்கரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வலது பக்கம் பல்சக்கர அடுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அந்தப் பக்கத்துக் கம்பிகள் சரிவாக நிற்க இடமில்லாமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். இடது பக்கக் கம்பிகள் நல்ல சரிவில் இருக்கும். ரிம் நடுவில் நிற்கணும் என்றால் வலது பக்கக் கம்பிகளை மிக இறுக்கமாக முறுக்க வேண்டும். வீல் கோட்டம் எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். ஆக, சக்கரத்திலேயே அதிக இழுவிசையைத் தாங்குகிற கம்பிகள் எவையோ, அவைதான் செயினுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்.

இப்போது மிகப்பெரிய பல்லில் செயின் இருக்கிறது என்றால் நீங்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இருக்கையிலிருந்து எழுந்து, மொத்த உடல் எடையையும் பெடலில் போட்டு மிதிக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து செயின் உள்பக்கம் விழுந்தால், பல்லுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் உள்ள ஆப்பு மாதிரியான இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். நீங்கள் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகச் செருகும். ஒன்று, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் செயினின் ஓரத்தகடு கம்பிகளை அவற்றின் வளைவுக்குப் பக்கத்தில் அரம்போல ராவிக்கொண்டே போகும்.

அரம் ராவிய கம்பி அன்றைக்கே அறுந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் அறுக்காது. சின்ன வெட்டு மட்டும் விழும். கையால் தடவினால்தான் தெரியும். ஆனால் சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வருகிறபோது கொஞ்சம் தளர்ந்து, மேலே போகிறபோது மறுபடி இறுகுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. சாதாரணப் பெரிய சக்கரம் ஒரு சுற்றில் 2.1 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 475 சுற்று. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே தத்துவம்தான். வெட்டு இருக்கிற இடத்தில் விரிசல் மெல்ல வளர்ந்து, ஒரு மாதம் கழித்து எந்தக் காரணமும் இல்லாத சமதரையில் 'டங்' என்று அறுகிறது. ஓட்டினவர் கம்பி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார். ஒன்று போனால் பக்கத்துக் கம்பி அதன் சுமையையும் தாங்கணும். அதுவும் வெட்டுப்பட்ட கம்பிதான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. செயினுக்குப் பதில் டீரெய்லரின் கூடே கம்பிகளுக்குள் மாட்டுவது. சுற்றுகிற சக்கரம் அதை இழுத்துக்கொண்டு மேலே போகும். டீரெய்லர் முறுக்கிக்கொள்ளும், அதைத் தாங்குகிற ஹேங்கர் ஒடியும், சில சமயம் பிரேமே வீணாகும்.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பருக்கு இது ஏலகிரி ஏறும்போது நடந்தது. முந்தின நாள் வண்டியைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். இறக்கும்போது கியர் பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது. பெயின்ட்டில் கீறல் இல்லை, கியரும் மாறுகிறது, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. நான்காவது ஹேர்பின் வளைவில் கடைசி கியருக்குத் தட்டினார். ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. வேகமில்லாத ஏற்றம் என்பதால் ஒரு காலை ஊன்றித் தப்பித்தார். தட்டை வாங்கின வாரமே கழற்றிவிட்டிருந்தார். கம்பி நான்கு போச்சு. அடிவாரத்துக் கடைக்காரர் நல்ல கைகாரர், சாதா சைக்கிளில் எந்தக் கோட்டத்தையும் எடுப்பார். ஆனால் வலது பக்கக் கம்பியை மாற்றணும் என்றால் பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனி டூல் வேணும், அவரிடம் அது இல்லை. அடுக்கு உள்ள சக்கரத்தின் இன்னொரு சங்கடம் இது. அடிபடுகிற பக்கமும், வழியில் ரிப்பேர் பண்ணமுடியாத பக்கமும் ஒன்றேதான்.

இதற்கு ஆதியிலேயே கிடைத்த விடைதான் தட்டு. பெரிய பல்லைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு வட்டு. செயின் தாண்டி வந்தால் கம்பியில் விழாமல் தட்டில் உரசி நிற்கும். முதலில் வந்தவை உலோகத் தட்டுகள். குரோம் பூசி பளபளவென்று இருக்கும். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த வார்சிட்டி என்ற கனமான கியர் வண்டியில் அப்படி ஒன்று மினுங்கிக்கொண்டிருக்கும். அப்போது அது யாருக்கும் கேலியாகத் தெரியவில்லை. பம்பர் மாதிரி ஓர் அலங்காரமாகத்தான் இருந்தது. சட்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தட்டு வந்துவிட்டது என்பதைக் கவனிச்சுக்கோங்க.

இப்போது 1970களுக்கு வருவோம். அமெரிக்காவில் அதுவரை சைக்கிள் என்றால் பெரும்பாலும் பிள்ளைகள் விஷயம். திடீரென்று பெரியவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். 1970இல் சுமார் 70 லட்சம் சைக்கிள் விற்றது, 1973இல் 1.5 கோடியைத் தாண்டியது. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வந்த அலை என்று பலர் சொல்வாங்க. அந்தத் தடை வந்தது 1973 அக்டோபரில். விற்பனை அதற்கு முன்பே உச்சத்தில் இருந்தது. உடம்பைக் கவனிக்கும் ஆசை, சுற்றுச்சூழல் பேச்சு, இதெல்லாம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இவர்களில் ஏராளமானோர் வாங்கியது 'டென் ஸ்பீடு'. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து. இன்றைக்கு மாதிரி 'கிளிக்' சத்தத்தோடு நிற்கிற நெம்புகோல் அப்போது இல்லை. வெறும் உராய்வில் நிற்கும் நெம்புகோல். எவ்வளவு தள்ளணும் என்பதைக் காதும் கையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் வேணும், இவர்களோ கடைசியாக சைக்கிள் மிதித்தது பள்ளிக்கூட நாளில், அதுவும் கியர் இல்லாத வண்டி. பெரிய பல்பொருள் அங்காடியில் அட்டைப்பெட்டியில் வாங்கி, வீட்டுக் கராஜில் தாங்களே பூட்டினவர்களும் உண்டு. டீரெய்லரில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று செயின் வெளியே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, மற்றது உள்ளே எவ்வளவு தூரம் என்பதற்கு. அந்த இரண்டாவது திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தாலே ஏலகிரிக் கதைதான்.

அரசாங்கம் விதி எழுத உட்கார்ந்தது. முதல் வரைவை 1973இல் வெளியிட்டது யார் தெரியுமா? உணவு, மருந்து நிர்வாகம்! பொம்மை உட்படக் குழந்தைகளுக்கான பொருட்களின் ஆபத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் துறைதான், அதனால் சைக்கிளும் அவர்கள் மேசைக்குப் போனது. பிறகு புதிதாக உருவான நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொறுப்பெடுத்து, 1974இல் விதிகளை வெளியிட்டது. 1976இல் நடைமுறைக்கு வந்தது. ஒற்றைப் பல்சக்கர வண்டிக்குச் செயின் கவர், முன்னே பின்னே பெடலில் சக்கரத்தில் எங்கு பார்த்தாலும் பிரதிபலிப்பான், பிரேக் சோதனை என்று நீளமான பட்டியல். அதில்தான் டீரெய்லர் பற்றிய பிரிவும் வந்தது. சாரம் இவ்வளவுதான்: டீரெய்லர் சரியாகத் திருகப்படாமல் இருந்தாலோ, சேதமடைந்திருந்தாலோ, செயின் சக்கரத்தில் குறுக்கிட்டு அதை நிறுத்திவிடாதபடி காப்பு இருக்கணும்.

அந்த விதியில் 'தட்டு' என்ற வார்த்தையே கிடையாது. என்ன விளைவு வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. எப்படிச் செய்வது என்பது தயாரிப்பாளர் பாடு. தயாரிப்பாளர் என்ன செய்வார்? இருப்பதிலேயே மலிவான வழிக்குப் போவார். உலோகத் தட்டு பிளாஸ்டிக் தட்டானது. வெயிலில் மஞ்சளாகும், விளிம்பு வெடிக்கும், பிடிக்கிற கொக்கி உடைந்தபின் ஓடுகிற தூரமெல்லாம் லொடலொடக்கும். கழற்றினவர்கள் சொல்கிற குறையில் இந்தப் பகுதி முழுக்க நியாயம்.

விதிகளை எதிர்த்து ஒருவர் நீதிமன்றம் போனார். ஜான் ஃபாரஸ்டர், இங்கிலாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பொறியாளர். கடற்படை நாவல்கள் எழுதிய சி.எஸ். ஃபாரஸ்டரின் மகன். பெரியவர்கள் ஓட்டுகிற வாகனத்தை அரசு பொம்மையாக நினைத்து விதி எழுதுகிறது என்பது அவர் கோபம். முக்கியமாக, இரவில் ஓட்ட விளக்கு வேண்டும், பிரதிபலிப்பான் போதாது என்றார். அதில் அவர் பேச்சு சரிதான் என்று நினைக்கிறேன். 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில விதிகளைத் திருப்பி அனுப்பியது, பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. டீரெய்லர் காப்பு இன்றைக்கும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் ஃபாரஸ்டர் காட்டிய அந்தக் கோபம் ஒரு மனநிலையாகப் பரவியது. தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு? 1984இல் ஷிமானோ தன் உயர்ந்த ரக டியூரா ஏஸ் வரிசையில் கிளிக் சத்தத்தோடு நிற்கும் கியர் மாற்றியைக் கொண்டுவந்தது. கொஞ்ச வருஷத்தில் எல்லா வண்டிக்கும் அது இறங்கியது. கை தவறி அதிகமாகத் தள்ளிவிடுகிற ஆபத்து பெரும்பாலும் போய்விட்டது. தட்டு இருக்கிற வண்டி என்றால் ஓட்டுகிறவருக்கு அந்தத் திருகைத் திருகத் தெரியாது என்று அர்த்தமாகிவிட்டது. கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

'ஒழுங்கா டியூன் பண்ணின வண்டிக்குத் தட்டு வேண்டாம்' என்கிற வாதம் பாதி உண்மை. விதியில் இரண்டு வார்த்தை இருக்குன்னு சொன்னேனே, ஒன்று சரியாகத் திருகாதது, இன்னொன்று சேதம். கேலி செய்கிறவர்கள் முதலாவதை மட்டும் படிக்கிறார்கள். திருகை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், அது ஹேங்கரிலிருந்து அளக்கிற தூரம். வண்டி வலது பக்கம் விழுந்து ஹேங்கர் சில மில்லிமீட்டர் உள்ளே வளைந்துவிட்டால், திருகு தன் இடத்தில் நேர்மையாக நிற்கும், ஆனால் டீரெய்லர் கம்பிக்குப் பக்கத்தில் போயிருக்கும். பந்தயக்காரருக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார், ராத்திரியே பார்த்துவிடுவார். பஸ் கூரையில் வண்டி ஏற்றுகிறவருக்கும், சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாகச் சரிகிற முப்பது வண்டிக்கு அடியில் தன் வண்டியைத் தேடுகிற மாணவனுக்கும் யார் பார்ப்பார்கள்? தட்டை அவமானம் என்று சொல்கிற குரல் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் டூல் பெட்டி உள்ள வீட்டிலிருந்துதான் வருகிறது.

அடுக்கும் பெருத்துக்கொண்டே போனது. ஐந்து ஆறாகி, ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறி, 2008இல் இத்தாலியின் கம்பாக்னோலோ 11 பல்சக்கரம் கொண்டுவந்தது. இன்று 12 சர்வசாதாரணம். அச்சையும் அகலப்படுத்தினார்கள், ஆனாலும் கடைசி கியரில் டீரெய்லர் கூட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சில மில்லிமீட்டர்தான் இடைவெளி.

விலை உயர்ந்த வண்டிகளில் தீர்வு தட்டிலிருந்து ஹேங்கருக்கு இடம் மாறியது. அலுமினியப் பிரேமில் ஹேங்கரைத் தனித் துண்டாகச் செய்து திருகினார்கள். விழுந்தால் அது வளையட்டும், பிரேம் பிழைக்கட்டும் என்று. 2019இல் அமெரிக்க நிறுவனமான ஸ்ராம் எல்லாப் பிரேமுக்கும் பொதுவாக ஒரே ஹேங்கர் அளவைக் கொண்டுவந்தது. அடிபட்டால் பின்பக்கம் சுழன்று விலகுகிற மாதிரி அது. 2023இல் மலை சைக்கிளுக்கு ஹேங்கரே இல்லாமல், அச்சிலேயே நேராகப் பிடித்துக்கொள்கிற டீரெய்லரை வெளியிட்டார்கள். அந்த ஒரு டீரெய்லரின் விலையில் சாதாரண கியர் சைக்கிள் ஒன்றிரண்டு வாங்கலாம். தட்டோடு வருகிற சைக்கிள்.

உங்கள் வண்டியில் தட்டைக் கழற்றலாமா என்று கேட்டால், முதலில் இதைச் செய்து பாருங்க. கடைசி கியரில் போட்டு, வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்க. டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பெரிய பல்லுக்கு நேர்க்கீழே, ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கணும். கீழ்ச்சக்கரம் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. திருகைத் தொடாதீங்க, ஹேங்கரை நிமிர்த்துங்க அல்லது மாத்துங்க. பிறகு பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே, டீரெய்லரை உள்பக்கம் விரலால் அழுத்துங்க. செயின் பெரிய பல்லைத் தாண்டப் பார்த்தால் 'எல்' என்று எழுதியிருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறுக்குங்க. அடுத்த தடவை வண்டி வலது பக்கம் விழும்போது இதே பரிசோதனையை மறுபடி செய்யணும்.

அடுத்த எபிசோடில் சைக்கிள் விளக்கும் டைனமோவும்.